பாவா தனியாகப் போன பஸ்

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை… ஆர்.கே.பேட்டை போகிற டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில், துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் முந்தானையால் முக்காடு போட்ட என் அக்கா. முன்னால் ஜன்னலோரம் பாவா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர்.

திருடப் போகலைங்க. வைத்தியம் நடந்துகொண்டிருந்தது!

பாவாவுக்கு ஒருமுறை பஸ்ஸில் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டியது. இதயம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார் டாக்டர். ஆனாலும் மனுஷன் அப்புறம் எந்த வண்டியிலும் ஏறவில்லை. மருமகள் பிரசவத்துக்கு ஆர்.கே.பேட்டையில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போனாள். பிறந்த பேத்தியை இவர் செல்போனில்தான் பார்த்தார். பாவம்!

வேண்டுதல் பாக்கி என்றார்கள். எங்கள் திருத்தணி மலைக்கு நடந்தே போய் மொட்டை போட்டார். படபடப்பு போகவில்லை.

கடைசியில், திருத்தணியிலேயே ஒரு கவுன்சலரம்மா. முதலில் பேசச் சொன்னார். "நான் பேசிகினே கீறேன், அந்தம்மா தலையாட்டிகினு கீறாங்க" என்று பாவா அலுத்துக்கொண்டார். ஆனால் அவருடைய நைனா நெஞ்சுவலியில் போனதைச் சொல்லி, அங்கேதான் வாய்விட்டு அழுதார்.

அடுத்தது கேள்வி. "இதயம் நின்னுடும்னு எவ்ளோ தடவை தோணிச்சு? எவ்ளோ தடவை நின்னுச்சு?"

"ஒருதபாகூட இல்லீங்க!"

அப்புறம் பயிற்சி. நின்றிருக்கும் பஸ்ஸில் உட்காரணும். பிறகு ஒரே ஒரு ஸ்டாப். பிறகு, தனியாக ஆர்.கே.பேட்டை. சிலருக்குப் பேச்சு, சிலருக்குக் கேள்வி, சிலருக்குப் பழக்கம்… பாவாவுக்கு மூன்றும் தேவைப்பட்டன.

தனியாகவாம்! நம் வீடுகளில் யாரைத் தனியாக விட்டிருக்கிறோம்?

பாதி வழியில் பாவா கம்பியை இறுக்கிப் பிடித்தார். கழுத்தெல்லாம் வேர்வை. அக்கா எழுந்துவிட்டாள். கையைப் பிடித்து உட்காரவைத்தேன். அவர் மெல்ல மூச்சை இழுத்து விட்டார்… இழுத்து விட்டார். கை தளர்ந்தது.

ஆர்.கே.பேட்டையில் இறங்கியவர் பின் வாசலுக்கு வந்தார். "ரெண்டு பேரும் எறங்குங்க. ஏறும்போதே பாத்துட்டேன்!"

பேத்தியை மடியில் வாங்கியதும் சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். நாங்களும்தான்.

விஷயத்தைக் கேட்ட கவுன்சலரம்மா, "அடுத்த பயிற்சி அவருக்கில்லீங்க, உங்க அக்காவுக்கு. அவர் கிளம்பினா வீட்லயே இருக்கணும்" என்றார்.

பாவா இப்போது வாராவாரம் ஜம்மென்று போய்வருகிறார். அக்காவுக்கும் நல்ல முன்னேற்றம் — பஸ் ஸ்டாண்டோடு திரும்பிவிடுகிறாள்!