மேட்டில் நிறுத்தாத வண்டி

நிதானம் என்பது அப்பா அம்மா வைத்த பெயரில்லை, லாரிக்காரர்கள் வைத்தது. மற்றவர்கள் இரண்டு நடை அடிக்கும் நேரத்தில் அவர் ஒரு நடை அடிப்பார். அந்த ஒரு நடையில் மூட்டை கிழியாது, கண்ணாடி உடையாது, சந்தில் எதிரே வருபவன் அவருடைய அம்மாவை இழுத்துப் பேசமாட்டான். புகழ்ந்து சொல்ல இதற்குமேல் அவரிடம் எதுவும் இல்லை. இதுவே பெரிது என்பார் அவர் மனைவி, அதுவும் அவர் காதில் விழாதபோது.

முதலாளியின் ஆறு சக்கர லாரியைப் பாதி ஆயுள் ஓட்டியவர் அவர். முதலாளி புது வண்டிகளுக்கு மாறியபோது, பழையதை விற்க ஆள் தேடினார். புரோக்கரின் ஷெட்டில் அதைவிட வயது குறைந்த வண்டிகள் நின்றன. நிதானம் அவற்றின் கதவைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. தெரியாத வண்டியை வாங்குவது கிணற்றில் குதிப்பது. இது தெரிந்த வண்டி.

மெக்கானிக் அப்போதே சொன்னான். "அண்ணே, வாங்குறதுக்கு முன்னாடி வேற யாராவது ஒருத்தர் ஓட்டிப் பார்க்கட்டும். நீங்க ஓட்டிக் காட்டாதீங்க."

"என் பொண்டாட்டி எப்படின்னு பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட கேக்கச் சொல்றியா?"

"உங்களால சொல்ல முடியாதுண்ணே. உங்களுக்குப் பழகிப்போச்சு."

இருவரும் சிரித்தார்கள். பேச்சு அதோடு முடிந்தது. வண்டி கைமாறியது.

வாங்கியபின் அவர் அதைக் கவனிக்காமல் விட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆயில் மாற்றினார். ஸ்பிரிங் பட்டைகளுக்குக் கிரீஸ் அடித்தார். கேபின் அடியில் துருவைச் சுரண்டிப் பெயின்ட் பூசினார். ஆனால் கோளாறு என்று ஒன்று கண்ணில் பட்டால்தானே சரிசெய்ய முடியும்? இரண்டாவது கியர் முரண்டு பிடித்தது. அவர் கை நியூட்ரலில் கொஞ்சம் காத்திருந்து போட்டது. ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுத்தது. அவர் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தே பழகியது. சட்டைக்கு அளவெடுத்த தையல்காரர்கூட, "அண்ணனுக்கு ஒரு தோள் இறக்கம்" என்று எழுதிக்கொண்டார். வண்டிக்குச் செய்யவேண்டிய ரிப்பேரை எல்லாம் அவர் தன் உடம்பிலேயே செய்துகொண்டிருந்தார்.

ஒருநாள் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டும்போது கை நழுவி, மேலிருந்து விழுந்தார். இடது கணுக்கால் எலும்பு முறிந்தது. முழங்கால்வரை மாவுக்கட்டு.

வண்டிக்கு இருந்த ஒரே வேலை மாட்டுத்தீவன ஆலையிலிருந்து கடைகளுக்கு மூட்டை ஏற்றிப் போவது. ஆலை சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்தார். "அண்ணே, லோடு நேரத்துக்குப் போகலன்னா ரூட்டை வேற வண்டிக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. இன்னும் ஒரு தடவை தவறினா என் கையில எதுவும் இல்ல."

இந்த ரூட் போனால் இத்தனை வயதான லாரியை வேறு யாரும் கூப்பிடப்போவதில்லை. அது நிதானத்துக்கும் தெரியும், சூப்பர்வைசருக்கும் தெரியும். அவர் மனைவி அன்றே தன் தம்பியை வரவழைத்தார். புது லாரிகளை ஓட்டிப் பழகியவன், நல்ல கைக்காரன், அப்போது வேலை இல்லாமல் இருந்தான்.

மறுநாள் காலையில் ஆலையில் லோடு ஏற்றியதும், மச்சினனும் மூட்டை தூக்குபவர் ஒருவருமாக நிதானத்தையும் தூக்கிப் பக்கத்து சீட்டில் வைத்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து அவர் சாலையைப் பார்த்ததே இல்லை. தன் வீட்டுக்குள் விருந்தாளியாக வந்த மாதிரி இருந்தது.

தனக்குத் தெரிந்ததை எல்லாம் அவர் சொன்னார். "பிரேக் முதல் மிதி சும்மா போகும் மாப்ளே. ரெண்டாவது மிதிதான் கணக்கு. ஸ்டீயரிங்கை நேராப் பிடிக்காதே, கொஞ்சம் வலது பக்கமாவே பிடி."

மச்சினன் கியர் போட்டான். பெட்டிக்குள் எலும்பை நொறுக்குவதுபோல ஒரு சத்தம். நிதானத்தின் கட்டுப்போட்ட கால் தானாகத் தரையை அழுத்தியது. அங்கே கிளட்ச் இல்லை.

"நடுவுல நிறுத்திப் போடணும்."

"எவ்வளவு நேரம் மாமா?"

எவ்வளவு நேரம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "அதுவே சொல்லும்" என்றார்.

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே. மாமா, இது லாரியா, கோபிச்சுக்கிட்டு வந்த மருமகளா? இத்தனை நாளா இதையா ஓட்டினீங்க?"

"நல்லாத்தான் ஓடுச்சு" என்றார் நிதானம். பொய் சொல்லவில்லை. அவருக்கு அது நன்றாகத்தான் ஓடியது.

கடைத்தெருவுக்கு ஏறும் சந்து மேடானது. இரண்டு பக்கமும் மதில். பாதி ஏறியபோது எதிரே ஒரு வேன் வந்தது. மச்சினன் நிறுத்தினான். இடம் போதுமா என்று பார்க்க, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் கீழே இறங்கினான்.

வண்டி பின்னால் நகர்ந்தது.

அப்போதுதான் நிதானத்துக்கு உறைத்தது. லோடு இருந்தால் அந்த ஹேண்ட் பிரேக் பிடிக்காது. அதனால்தான் அவர் மேட்டில் வண்டியை நிறுத்தியதே இல்லை. எதிரே ஆள் வருவது தெரிந்தால் சந்து முனையிலேயே காத்திருப்பார். பல வருஷமாக அப்படிச் செய்து, ஏன் செய்கிறோம் என்பதே மறந்துபோயிருந்தது. மச்சினனிடம் ஒளிக்கவில்லை. சொல்வதற்கு அது அவர் நினைவிலேயே இல்லை.

ஊன்றுகோலை நீட்டிப் பிரேக்கைக் குத்தினார். முதல் குத்து சும்மா போனது. இரண்டாவதில் கோல் வழுக்கியது. ஸ்டீயரிங் மட்டும் எட்டியது. எட்டி இழுத்து, வண்டியின் பின்புறத்தை மதிலில் சாய்த்தார். அவரால் ஆனது அவ்வளவுதான். மதில் மூலை சரிந்தது. பின்சக்கரம் இடிபாட்டில் ஏறிக் கோணலாக நின்றது.

அந்த மதில் வீட்டுக்காரம்மா ஈரக்கையோடு ஓடிவந்தார். "கட்டின சுவரு கண்ணுல படலையா? மேல யாரு குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கிறது? இறங்கச் சொல்லு."

"அவரால இறங்க முடியாதும்மா. கால் உடைஞ்சிருக்கு" என்றான் மச்சினன். பிறகு கேபின் பக்கம் திரும்பினான். "மாமா, ஹேண்ட் பிரேக் பிடிக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

நிதானம் ஊன்றுகோலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். தனக்கே நினைவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

தகவல் போய், வேன் பின்வாங்கியதும், சூப்பர்வைசரே ஆலையின் புது லாரியைச் சுற்றுவழியாகக் கொண்டுவந்து மேல்முனையிலிருந்து பின்னோக்கி இறக்கினார். உடன் வந்தவர்கள் மூட்டைகளை அதற்கு மாற்றினார்கள். ஒவ்வொரு மூட்டை இறங்கும்போதும் பழைய லாரி கொஞ்சம் நிமிர்ந்தது. அது சீட்டுக்கு அடியில் நிதானத்துக்குத் தெரிந்தது. யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

வேலை முடிந்ததும் சூப்பர்வைசர் மச்சினனிடம் வந்தார். "தம்பி, காலி வண்டின்னா நான் ஓட்டிடுவேன். லோடோட எனக்குத் தைரியம் கிடையாது. நீங்க ஓட்டுறீங்களா? இன்னைக்கு மட்டும் சொல்லல, இனி இந்த ரூட்டுக்கே."

மச்சினன் அண்ணாந்து கேபினைப் பார்த்தான். சூப்பர்வைசர் பார்க்கவில்லை.

"போ மாப்ளே" என்றார் நிதானம்.

"உங்களை இறக்கி விட்டுட்டுப் போறேன் மாமா."

"இறங்கி எங்க உக்காரச் சொல்றே? கடையில காத்திருப்பாங்க. போ."

புது லாரி மேட்டில் ஏறியது. கியர் மாற்றிய சத்தம்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்காரம்மா உள்ளே போய், சற்று நேரத்தில் ஒரு செம்பில் தண்ணீரோடு வந்தார். எட்டிக் கொடுத்தார். அவர் குடிக்கும்வரை நின்றார். பிறகு கேட்டார்: "வண்டியை எப்ப எடுப்பீங்க?"

"ஓட்டத் தெரிஞ்ச ஆள் வரணும்மா."

"எப்ப வருவாரு?"

நிதானம் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.