நாற்பது கவடு: பள்ளிமுனைச் சேமக்காலைக்கு ஒரு பயணம்

நவம்பர் முதலாம் திகதி வவுனியாவிலிருந்து மன்னாருக்குப் போனேன். மறுநாள் மரித்த ஆத்துமாக்களின் நாள். அந்த நாளுக்கு முன் எங்கள் ஊர்ப் பள்ளிமுனைச் சேமக்காலையில் எல்லாரும் கல்லறைகளைத் துப்புரவாக்கி வெள்ளை மணல் கொட்டுவார்கள். ஆனால் நான் போனது அதற்கு மட்டும் அல்ல. என் கணவர் சந்தியாப்பிள்ளையின் பழைய மரச்சிலுவையை எடுத்துவிட்டு, சீமெந்துச் சிலுவை நடப்போவதாக அவருடைய தம்பி சவிரி சொல்லி, தொலைபேசிக்குப் படமும் அனுப்பியிருந்தான். படத்தில் மூலை மரம் மிகக் கிட்ட நின்றது; பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது அவர் கிடக்கும் இடம் இல்லை. சீமெந்து இறுகிவிட்டால் பிறகு யார் பேச்சும் எடுபடாது.

மகள் தடுத்தாள். "முழங்கால் வீங்கிக் கிடக்குது அம்மா. சித்தப்பாவுக்குச் சொன்னால் காணாதோ?"

"சொன்னனான். அவன் சிரிக்கிறான். அதுதான் போறன்."

காலை 6.15 பஸ். வலப்பக்க யன்னலோரம் கிடைத்தது. கட்டணம் 340 ரூபாய். தூரம் எண்பது கிலோமீற்றர், எனக்கு இரண்டு மணித்தியாலமும் இருபது நிமிடமும் எடுத்தது. முருங்கனில் பத்து நிமிடம் நிற்பாட்டினார்கள். அங்கே தேத்தண்ணி குடிக்கலாம், மலசலகூடமும் பரவாயில்லை. திருக்கேதீஸ்வரம் சந்தி தாண்டியதும் கடல் இரண்டு பக்கமும் வந்துவிடும். பாலத்தில் காற்று பலம், யன்னலை முன்கூட்டியே பூட்டிக்கொள்ளுங்கள்.

பாலத்தில் போகும்போதெல்லாம் அவர் லீவில் வந்த நாட்கள்தான் நினைவுக்கு வரும். சுதந்திரம் கிடைத்துக் கொஞ்ச வருடத்தில் இலங்கை இராணுவத்தில் சேர்ந்து, பன்னிரண்டு வருடம் இருந்து, சண்டை எதுவும் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே விலகி வந்தவர். வீட்டுக்கு வந்த பிறகும் ஆமிப் பழக்கம் போகவில்லை. ஞாயிறு பூசைக்கு முன் நாலு பிள்ளைகளின் சப்பாத்தையும் வரிசையாக வைத்து மினுக்குவார். பொத்தான் அறுந்தால் என்னிடம் தரமாட்டார், தானே தைப்பார். மூத்தவளுக்குக் காய்ச்சல் என்று மழைக்குள் அவளைத் தோளில் போட்டு ஆசுபத்திரிக்கு நடந்தவர், அவள் எழும்பும்வரை மூன்று நாள் கட்டிலடியில் நின்றார். எங்கே போனாலும் கவடு, எட்டி வைக்கும் அடியை, எண்ணுவார். கிணற்றுக்கு நாற்பத்தொன்று, கோயிலுக்கு முந்நூற்றுப் பத்து. ஆமியில் கவடு கூடவும் கூடாது, குறையவும் கூடாதாம். கலியாணம் முடித்த புதிதில் கடற்கரை ஈரமணலில் அவர் காலடிகளுக்கு இடையே குனிந்து என் கையால் அளந்து பார்த்தேன். என் முழத்தில் ஒரு முழம், ஒரு சாண், நாலு விரல். பத்து இடத்தில் அளந்தேன், பத்தும் ஒன்றுதான்.

மன்னார் பஸ் நிலையத்தில் றியாஸ் என்ற பெடியனின் ஓட்டோவைப் பிடித்தேன். எருக்கலம்பிட்டி முஸ்லிம் பிள்ளை. பள்ளிமுனைக்குப் போய், மதியம் வரை நின்று, திரும்பக் கொண்டுவந்து விட 1,500 ரூபாய் பேசினோம். வழியில் மூன்று கழுதைகள் றோட்டை மறித்து நின்றன.

"ஹோர்ன் அடி தம்பி."

"அடிச்சால் நிண்டு யோசிக்கும் உம்மா. பேசாமல் விட்டால் போகும்."

சரியாகத்தான் சொன்னான். போயின.

சேமக்காலையில் சவிரியும் மேசனும் சீமெந்து குழைக்கத் தொடங்கியிருந்தார்கள். சவிரிக்கும் எழுபத்தைந்து கடந்துவிட்டது. என்னைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தான்.

"மச்சாள், இந்தக் காலோட வந்தனீங்களோ?"

"வந்தனான். சீமெந்தை நிப்பாட்டு."

"இந்தியாவில இருந்து திரும்பி வந்து நான்தானே மரச்சிலுவை நட்டனான். அப்ப நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே."

"அப்ப நான் மண்டபம் முகாமில. நீ எனக்குச் சொன்னனியோ?"

தொண்ணூறில் சண்டை முற்றி ஊரே இந்தியாவுக்கு வள்ளம் ஏறியது. அதற்கு முந்திய வருடம்தான் அவரைப் புதைத்தோம். அவன் திரும்பி வந்தபோது மணல் மேவி, சிலுவைகள் எல்லாம் விறகாகிப் போயிருந்தன; நானோ பிறகு வந்து வவுனியாவில் மகளோடு தங்கி, சேமக்காலைப் பக்கம் வரவேயில்லை.

புதைத்த அன்றே நான் கணக்கு வைத்திருந்தேன். மூலையில் நிற்கும் பெருக்கமரத்தில் முதுகை வைத்து, கோயில் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்த்து நேரே நடந்தால், என் கவடு ஐம்பத்திரண்டில் அவர். நடந்தேன். ஐம்பத்திரண்டில் நின்ற இடம் யாரோ ஒரு கிழவியின் கல்லறை. பெயரும் படமும் பளிச்சென்று இருந்தன.

சவிரி வாயைப் பொத்திக்கொண்டான். "மச்சாள், அண்ணன் பொம்பிளையாய் மாறிப்போட்டாரோ?"

மேசனும் சிரித்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தக் கல்லறையின் விளிம்பில் சற்று இருந்தேன். றியாஸ் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். "எங்கட ஆக்களும் தொண்ணூறில விரட்டப்பட்டு, புத்தளத்தால திரும்பி வந்து மையவாடியில இப்பிடித்தான் தேடினவை உம்மா. ஆறுதலாய் யோசியுங்கோ."

யோசித்தேன். ஐம்பத்திரண்டு கவடு எண்ணியது, ஓடித் திரிந்த காலத்தில். இப்போது நான் வைப்பது பாதி அடி. ஆனால் அன்றே அதே தூரத்துக்கு அவர் கவட்டிலும் கணக்குப் பார்த்திருந்தேன், அது நாற்பது. என் கால்தான் சுருங்கியது. கை அப்படியேதான் இருக்கிறது.

"தம்பி, உன்ர ஓட்டோவில கயிறு கிடக்கோ?"

கொண்டுவந்தான். ஒரு முழம், ஒரு சாண், நாலு விரல் அளந்து வெட்டச் சொன்னேன். மரத்தடியில் தொடங்கி அவன் கயிறு பிடிக்க, நான் எண்ணினேன். நாற்பதாவது கயிறு சவிரி வெட்டிய குழியையும் தாண்டி, நாகதாளி மண்டிய வெறும் மணலில் விழுந்தது.

"இஞ்ச ஒண்டும் இல்லை மச்சாள்," என்றான் சவிரி.

"முழங்கை ஆழத்துக்குத் தோண்டு. அதுக்கு மேல வேண்டாம்."

மேசன் நாகதாளியை வெட்டி எறிந்தான். சவிரி குந்தியிருந்து கையாலேயே மணலை வாரினான். பக்கத்தில் ஒரு சாண் தள்ளியும் வாரினான். பிறகு அவன் கை நின்றது. கவிழ்த்தபடி ஒரு பேணி, அவர் ஆமியில் தேத்தண்ணி குடித்த குவளை. இனாமல் கழன்று துரு ஏறியிருந்தது. அடியில் அவர் ஆணியால் கீறிய ஆமி இலக்கம். சவிரி விரலால் துடைத்து ஒவ்வொன்றாக வாசித்தான். நான் பார்க்காமலேயே அவனோடு சேர்ந்து சொன்னேன்.

புதைத்த அன்று பின்னேரம் தனியே வந்து அதை வைத்தவள் நான். ஆமியோடு இயக்கங்கள் சண்டை பிடித்த அந்தக் காலத்தில் சிலுவையில் ஆமிக்காரன் என்று எழுத முடியாது. யார் வந்து என்ன கேட்பார்கள் என்று தெரியாது. அவருடைய சீருடைப் படத்தைக்கூட அடுப்பில் போட்டேன். போடச் சொன்னவன் சவிரி. அந்தக் கோபத்தில்தான் பேணி வைத்ததை அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் இடம் தவறியிருக்க மாட்டான். அது என் பிழை.

"அப்ப இவ்வளவு வருசமும் ஆருக்கு மெழுகுதிரி கொளுத்தினனான்?" சவிரி பேணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"ஆரோ ஒருத்தருக்கு. அவையும் எங்கட ஊராக்கள்தானே."

மரச்சிலுவையை அந்தப் பெயர் தெரியாதவருக்கே விட்டோம், என் கணவர் பெயரை மட்டும் சுரண்டிவிட்டு. சீமெந்துச் சிலுவை நாற்பதாவது கயிற்றில் நின்றது. ஈரம் காய முன் சவிரி கேட்டான். "இலக்கத்தையும் போடச் சொல்லட்டோ?"

"போடச் சொல்லு. ஆமியில இருந்தவர் எண்டும் போடச் சொல்லு."

மேசன் ஆணியால் எழுதினான். ஓட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு அன்றிரவு சவிரி வீட்டில் தங்கினேன். மறுநாள் பங்குச் சுவாமி வந்து தீர்த்தம் தெளித்தபோது இரண்டு இடத்திலும் திரி கொளுத்தினோம். மெழுகுதிரி விசயத்தில் சவிரியை மன்னித்துவிட்டேன். படத்தை எரிக்க வைத்ததற்கு இன்னும் இல்லை.

இப்படிப் போக இருப்பவர்களுக்கு: நவம்பரில் மழை பிடிக்கும், குடையும் பழைய செருப்பும் கொண்டுபோங்கள். ஒரு நாள் முந்திப் போங்கள், திருநாளன்று ஓட்டோ கிடைக்காது. காற்றுக்குத் திரி நிற்காது, சிரட்டைக்குள் வைத்துக் கொளுத்துங்கள். அளவை ஒரு தலைக்குள் மட்டும் பூட்டி வைக்காதீர்கள். எங்கள் கயிறு இப்போது மகளின் அலுமாரியில் இருக்கிறது. கயிறு தொலைந்தாலும் பரவாயில்லை: பெருக்கமரத்தில் முதுகு, மணிக்கூட்டைப் பார்த்து முகம், நாற்பது கவடு. ஒரு கவடு என்பது ஒரு முழம், ஒரு சாண், நாலு விரல். முப்பது வருடத்துக்கு மேல் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது உங்கள் எல்லாருக்கும் தெரியும்.