காரைக்கால்மேட்டில் ஒரு வீட்டுப் பதில்

கும்பகோணத்திலிருந்து காரைக்கால் போகும் பேருந்து காலை ஆறு பத்துக்குப் புறப்படும் என்று பலகையில் எழுதியிருந்தது. ஆறரைக்குப் புறப்பட்டது. இடைப்பட்ட இருபது நிமிடத்தில், இறங்கி வீட்டுக்குப் போய்விடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். பிடித்து வைத்த ஜன்னல் சீட்டை விட மனம் வராததால் பயணம் நடந்தது. என் வாழ்க்கையின் முக்கிய முடிவுகள் பெரும்பாலும் இந்தத் தரத்தில் எடுக்கப்பட்டவைதான்.

2008, மாசி மாதம், சனிக்கிழமை. சனிக்கிழமையில் இந்தப் பேருந்துக்கு இரண்டு வகைப் பயணிகள் உண்டு. திருநள்ளாற்றில் இறங்கி, எண்ணெய் தேய்த்துக் குளித்து, சனி பகவானிடம் முறையிடப் போகிறவர்கள் ஒரு வகை. காரைக்கால் புதுச்சேரி அரசின் கீழ் இருப்பதால் அங்கே சரக்கு மலிவு என்று போகிறவர்கள் மற்றொரு வகை. முன்னவர்கள் கையில் நல்லெண்ணெய் பாட்டில், பின்னவர்கள் கையில் காலிப் பை. என் கையில் இருந்தது காலிப் பை. அதற்குள் அலுவலக நண்பர் எழுதிக் கொடுத்த சிறு பட்டியல்.

கண்டக்டர் பையைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே டிக்கெட்டைக் கிழிக்கப் போனார்.

“சுரக்குடி ஒண்ணு” என்றேன்.

“சுரக்குடியா? அங்க கடை இல்லியே சார்.”

“தெரியும்.”

பதினாறு ரூபாய் வாங்கிக்கொண்டு, என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

சுரக்குடியில் என் கல்லூரித் தோழன் கலியபெருமாள் இருக்கிறான். காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். இருபத்தைந்து வருடம் நானும் அவனும் சேர்ந்து குடித்தோம். ஒரு வருடமாக அவன் மட்டும் குடிப்பதில்லை. காரைக்கால்மேட்டில் பாஸ்டர் சாமுவேல் என்பவர் நடத்தும் ஜெபக்கூடத்துக்குப் போய் நிறுத்திவிட்டான். அங்கே ஒரு வழக்கம்: ஒரு வருடம் முடிந்தவர் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். அதோடு முடியாது. அவர் வீட்டிலிருந்து ஒருவர் எழுந்து, தன் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டுப் பதில் என்று அதற்குப் பெயர். பதில் வராவிட்டால் சாட்சி நிறைவாகாது. அடுத்த வருடம்தான் மறுபடி.

“மலர் வராதுடா. மூணு வருஷமா என்கிட்ட பேசவே இல்ல. நீயாவது வந்து பக்கத்துல உக்காரு” என்று போனில் சொல்லியிருந்தான். மலர்விழி அவன் மனைவி.

பூந்தோட்டம் தாண்டியதும் கண் சொக்கியது. அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து பச்சையாகப் படர்ந்து கிடந்தது. அதன் மேல் வெள்ளைப் பனி ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது. பனைமரங்களுக்கு அடிமரம் தெரியவில்லை, தலை மட்டும் மிதந்து வந்தது. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் ஒரு கல்யாண மண்டபம் வந்தது. கலியபெருமாளின் மகள் கல்யாணம். பின்னறையில் அரிசி மூட்டைகள். அவனுக்குக் கை நடுங்குகிறது. நான், “சும்மா ஒரு வாய், தைரியத்துக்கு” என்று ஊற்றுகிறேன். பிறகு இன்னொரு வாய். தாரை வார்க்கும் நேரத்தில் அவன் மூட்டை மேல் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். மலர்விழியின் தம்பி அவன் இடத்தில் போய் நிற்கிறான்.

பேரளத்தில் ஹாரன் சத்தம் என்னை எழுப்பியது. ஊற்றியது நான் என்பது எனக்கும் அவனுக்கும் மட்டுமே தெரியும் என்பதுதான் மூன்று வருடமாக என் நிம்மதி.

எல்லைப் பலகையை நான் பார்க்கவில்லை. சாராயக் கடையைப் பார்த்து எல்லை வந்துவிட்டதைத் தெரிந்துகொண்டேன். எட்டு மணிக்கு முன்பே இரண்டு பேர் வாசலில் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள், டாக்டரைப் பார்க்க வந்தவர்கள்போல.

காலை 8.25. சுரக்குடி. கலியபெருமாள் நிறுத்தத்துக்கே வந்திருந்தான். இளைத்திருந்தான். நெற்றியில் வழக்கமான திருநீறு.

“என்னடா, ஜெபக்கூடத்துக்குப் போறவன் பட்டை போட்டிருக்க?”

“பாஸ்டர் ஒரு நாளும் அழிக்கச் சொல்லலடா. ‘மொதல்ல பாட்டில வுடு, மத்தத ஆண்டவரு பாத்துக்குவாரு’ன்னாரு. நான் பாட்டில வுட்டேன். மத்ததுக்கு அவரும் அவசரப்படல, நானும் அவசரப்படல.”

வீட்டில் மலர்விழி என்னைப் பார்த்து “வாங்க” என்று மட்டும் சொன்னார். முன்பெல்லாம் “வாங்கண்ணே” என்பார். அண்ணன் பட்டம் கல்யாணத்தோடு போயிற்று.

வீட்டில் ஒரு நொண்டிக் கோழி வளைய வந்தது. சற்று நேரத்தில் அதன் பதவி எனக்குப் புரிந்தது. மலர்விழி கோழியைப் பார்த்து, “இட்லி ஆறுது. வந்தவங்களக் கூட்டிக்கிட்டு சாப்புட வரச் சொல்லு” என்றார். கலியபெருமாள் கோழியிடம், “கை கழுவிட்டு வர்றோம்னு சொல்லு” என்றான். கோழி இரு தரப்பையும் நடுநிலையோடு பார்த்தது. மூன்று வருடமாக அந்த வீட்டின் போக்குவரத்து அதன் வழியாகத்தான் நடக்கிறது. போன வருடம் காலில் அடிபட்டபோது, குழம்பு வைக்காமல் கட்டுப் போட்டிருக்கிறார்கள், காரணம் விளங்கியது.

நான் சும்மா இருந்திருக்கலாம். நகைச்சுவை எழுதுகிறவனுக்கு அது வராது. கோழியிடம், “சாயந்திரம் அம்மா காரைக்கால்மேட்டுக்கு வருவாங்களான்னு கேளு” என்றேன்.

மலர்விழி முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார். “அது எங்க வீட்டுக் கோழிங்க. வெளியாளுக்குப் பதில் சொல்லாது.”

அதற்குப் பிறகு நான் சாப்பிட்ட நான்கு இட்லியும் எந்தப் பக்கம் இறங்கின என்று தெரியாது.

பகல் 1.40. காரைக்கால். டவுன் பஸ், நான்கு ரூபாய். பேருந்து நிலையத்திலிருந்து காரைக்கால்மேடு மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு முப்பது ரூபாய். வழியில் எத்தனை மதுக்கடைகள் என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டேன். ஒவ்வொரு கடையையும் தாண்டும்போது கலியபெருமாள் தன் வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான், கூட்டத்தில் குழந்தையைப் பிடித்துக்கொள்வதுபோல.

“இவ்வளவு கடைக்கு நடுவுல எப்படிடா?”

“இங்கதானேடா குடிச்சேன். இங்கதான் நிறுத்தணும். இமயமலையில நிறுத்துறதுக்கு நான் எதுக்கு?”

காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் முடிந்து மணல் ஓய்ந்திருந்தது. சுனாமி அலை வந்து போன பிறகு கட்டிய புது வீடுகள் வரிசையாக, ஒரே நிறத்தில். படகுகளின் நிழலில் ஆட்கள் வலையைத் தலைக்கு வைத்துத் தூங்கினார்கள். வெயிலில் கடலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடே இல்லை. தூரத்தில் ஒரு படகு எதன் மேலும் இல்லாமல் நின்றது. ஒன்றரை வருடத்துக்கு முன் இதே மணலில்தான் கலியபெருமாள் சட்டையில்லாமல் விழுந்து கிடந்திருக்கிறான். பாஸ்டர் இழுத்துப்போய் நிழலில் போட்டாராம். இவன் கண் விழித்ததும் அவர் முதலில் கேட்ட கேள்வி, “பேரு என்ன?” அல்ல. “எங்க வலிக்குது?”

“கால்லன்னு சொன்னேன்டா. அவரு சிரிக்காம, ‘சரி, அப்ப கால்லேருந்து ஆரம்பிப்போம்’னாரு.”

பாஸ்டர் சாமுவேல் முன்பு படகு இன்ஜின் மெக்கானிக். இரண்டு கையிலும் பழைய தீக்காயத் தழும்புகள். ஜெபக்கூடம் அவருடைய பழைய பட்டறைதான். கூரை உத்திரத்தில், இன்ஜின் தூக்கும் சங்கிலியும் கொக்கியும் இன்னும் தொங்குகின்றன. பிரசங்க மேடை, கவிழ்த்து வைத்த ஐஸ் பெட்டி. பைபிள் வாசனையோடு லேசாக டீசல் வாசனையும் வந்தது.

பிற்பகல் 3.00. முப்பது பேர் இருக்கும். பாதிப் பேர் மீனவர்கள். சிலர் கையில் கோயில் கயிறு. மனைவிமார் ஒரு பக்கம் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பாட்டுப் பாடினார்கள், பாட்டு நிற்கும் இடங்களையெல்லாம் கடல் நிரப்பிக்கொண்டது. தகரக் கூரையின் உட்புறத்தில் தண்ணீரின் வெளிச்சம் நெளிந்து நெளிந்து ஓடியது. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறோம், யாரோ மேலே படகில் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

கலியபெருமாள் எழுந்து சங்கிலிக்குக் கீழே போய் நின்றான். பெண்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தான். மலர்விழி இல்லை.

பேச ஆரம்பித்தான். மணலில் கிடந்தது, கை நடுங்கியது, முதல் மூன்று மாதம் பாஸ்டர் சொல்லிக்கொடுத்த ஒரே ஜெபத்தைச் சைக்கிள் மிதிக்கும்போது மிதிக்கு ஒரு சொல்லாகச் சொன்னது, எல்லாம். பிறகு மகள் கல்யாணக் கதைக்கு வந்தான்.

“அன்னக்கி நானே போயி வாங்கி, நானே பின்னாடி ரூம்ல உக்காந்து தனியாக் குடிச்சேன். யாரும் காரணம் இல்ல.”

என்னைப் பார்க்காமல்தான் சொன்னான். நான் கூரையில் ஓடிய வெளிச்சத்தை மிகுந்த அக்கறையோடு கவனித்தேன்.

சொல்லி முடித்தான். பாஸ்டர் ஐஸ் பெட்டியில் கை வைத்து, “வீட்டுப் பதில் இருக்கா?” என்றார்.

கடல் மூன்று முறை வந்து போனது.

“ஆண்டவரு மன்னிக்கிறதுக்கு ஒரு நிமிஷம் போதும், கலியபெருமாள். வீடு மன்னிக்க நாளாவும். ஒடஞ்சி போவாத. அடுத்த வருஷம்...”

“இருக்குங்க.”

வாசலில் மலர்விழி. கையில் ஒரு துணிப்பை. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. உள்ளே வராமல், நிலையைப் பிடித்தபடியே பேசினார்.

“இவரு சொன்னதுல ஒண்ணு பொய்யிங்க. அன்னக்கி இவரா வாங்கல, தனியாவும் குடிக்கல. பந்தியில ரெண்டு எவர்சில்வர் டம்ளர் கொறைஞ்சிது. நாந்தான் தேடிக்கிட்டுப் பின்னாடி வந்தேன். ஊத்திக்கிட்டிருந்த அண்ணன் அதோ தூணோரமா உக்காந்திருக்காரு.”

முப்பது தலைகள் திரும்பின. மேலே படகில் யாரும் போகவில்லை, நான் கடலுக்கு அடியிலும் இல்லை. ஒரு பழைய பட்டறையில், தூணோரம், வியர்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்தேன். பழக்கதோஷத்தில், “டம்ளரை அப்பவே திருப்பிக் கொடுத்துட்டேன்” என்றேன். எந்தக் கூட்டத்திலும் எனக்குச் சிரிப்பு வாங்கித் தரும் குரல் அது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு மீனவர் மட்டும், “நேரா சொல்லுங்க சார், இங்க யாரும் யோக்கியன் இல்ல” என்றார்.

“ஆமாம். நான்தான் வாங்கிட்டு வந்தேன். நான்தான் ஊத்தினேன். மூணு வருஷமா, யாருக்கும் தெரியாதுன்னு இருந்துட்டேன். மன்னிச்சிருங்க தங்கச்சி.”

பாஸ்டர், “இது சாட்சி இல்ல. ஆனா கேட்டுக்கிட்டோம். உக்காருங்க” என்று என்னை உட்காரவைத்துவிட்டு, கலியபெருமாள் பக்கம் திரும்பினார். “பொய்ய எடுத்துட்டு அந்த எடத்த மட்டும் திரும்பச் சொல்லு.”

கலியபெருமாள் மேலே தொங்கிய சங்கிலியைப் பிடித்துக்கொண்டான். “அவன் ஊத்துனான். நான் குடிச்சேன். டம்ளரப் புடிச்ச கையி என்னோடது.”

“இப்ப சொல்லும்மா” என்றார் பாஸ்டர்.

மலர்விழி வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளைப் பார்த்தார். “குடிச்ச காலத்துல செருப்பு ஒண்ணு வாசல்ல கெடக்கும், ஒண்ணு சாக்கடையில கெடக்கும். தெனம் காலையில கோலம் போடுறதுக்கு முன்னாடி மத்த செருப்பத் தேடுறதுதான் என் மொத வேல. இப்ப ஒரு வருஷமா ரெண்டும் ஒண்ணாக் கெடக்குங்க. பக்கத்துல பக்கத்துல. அவ்வளவுதான் நான் பாத்தது.”

யாரோ அழுதார்கள். அது நான் இல்லை என்று எழுத ஆசைதான்.

மலர்விழி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோழி எதுவும் இல்லாமலேயே, நேராக அவனைப் பார்த்து, “வாங்க, போவலாம். அஞ்சேகால் பஸ்ஸ வுட்டா அப்புறம் கூட்டமாயிரும்” என்றார். அவன் அசையவில்லை. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, அந்த வாக்கியம் இன்னொரு முறை வருமா என்று பார்க்கிறவன்போல நின்றான்.

மாலை 5.15. மூவரும் ஒரே பேருந்து. அவர்கள் இருவரும் எனக்கு முன் சீட்டில். திருநள்ளாறு வரை ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் அவர்கள் பேசியது மொத்தம் இரண்டு வாக்கியம்: “ஜன்னல சாத்தவா?” “வேணாம், காத்து வரட்டும்.” அதைக் கேட்டுக்கொண்டே நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். வெயில் சாய்ந்த உளுந்து வயல்கள் இரண்டு பக்கமும் பொன்னாக ஓடின.

சுரக்குடியில் இறங்கியதும் மலர்விழி துணிப்பையை ஜன்னல் வழியாக நீட்டினார். “போன வருஷத்து உளுந்து. அண்ணிகிட்ட குடுங்கண்ணே.” ஜெபக்கூட வாசலில் அவர் கையில் இருந்த அதே பை, நான் மன்னிப்புக் கேட்பதற்கு முன்பே வீட்டில் கட்டியது. அண்ணன் பட்டம் திரும்ப வந்ததை, பேருந்து நகர்ந்து ஒரு கிலோமீட்டர் போன பிறகுதான் கவனித்தேன்.

எல்லையைத் தாண்டியதும் தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடி. ஒரு கான்ஸ்டபிள் ஏறிப் பைகளைத் தடவிக்கொண்டே வந்தார். என் காலிப் பையைத் தலைகீழாக உதறினார். பட்டியல் மட்டும் விழுந்தது. படித்தார்.

“சரக்கு எங்க சார்?”

“வாங்கல.”

“லிஸ்ட்டு இருக்கு, காரைக்காலுக்கும் போயிருக்கீங்க, வாங்கலியா?”

துணிப்பையை அவிழ்த்து, உளுந்துக்குள் முழங்கை வரை கையை விட்டார். அடி வரைக்கும் துழாவினார். நானும் பதற்றத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை எனக்குத் தெரியும், எதற்கும் நம்ப முடியாது. வெறும் உளுந்துதான். நம்பாமலே இறங்கிப் போனார்.

ஏழே முக்காலுக்கு வீடு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். ஒன்று படியில், மற்றது தென்னங்கன்று பக்கம். குனிந்து இரண்டையும் சேர்த்து வைத்தேன். கதவைத் திறந்த என் மனைவி அதைப் பார்த்தாள், உளுந்தைப் பார்த்தாள், என் வாயருகே வந்து மோந்து பார்த்தாள். பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு நான் எப்படி இருக்கிறேன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான் சொன்னால் செல்லாது. அதற்கு வீட்டுப் பதில் வேண்டும். என் வீட்டில் இன்னும் யாரும் எழுந்து நிற்கவில்லை.