முயலுக்கு அழக்கூடாது என்றார்கள்

கிழட்டு முயலின் மூத்திர வாடை ஒரு தடவை மூக்கில் ஏறிவிட்டால் லேசில் இறங்காது. பினாங்கு டத்தோ கிராமாட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வரிசை வீட்டின் "குசினி" என்ற சமையலறையில், பழைய பேப்பர் விரித்த கம்பிக் கூண்டுக்குள், பின்னங்கால் இழுத்துப்போய், ஒரு கண்ணில் பீளை தள்ளி, துரை கிடந்த கடைசி மாதங்களில் அந்த வாடையோடுதான் சோறு தின்றோம். இன்று நினைத்தாலும் எனக்கு அதில் அருவருப்பில்லை. நான் மூக்கைப் பொத்துவது சந்தனமும் ஊதுபத்தியும் கலந்த வாசனைக்குத்தான். தைப்பூசத்துக்கு முந்தின நாள் எங்கள் வீட்டு முன்கூடத்தில் மணத்தது அதுதான்.

துரை வெள்ளை முயல். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மாதிரி தொந்தியைத் தள்ளிக்கொண்டு உட்காருகிறான் என்று அப்பா வைத்த பெயர். நான் நடை பழகிய காலத்தில் பசாரிலிருந்து வாங்கி வந்தார்; எனக்குப் பால்பல் விழுந்து முளைத்து, நான் மேல்வகுப்புக்குப் போவதற்குள் அவன் கிழவனாகிவிட்டான். தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வரும் அப்பா உடுப்பைக்கூட மாற்றாமல் கங்கோங் கீரையைக் கிள்ளிக் கிள்ளி அவன் வாயில் கொடுப்பார், ஈரத்துணியால் பின்பக்கத்தைத் துடைத்துவிடுவார். "கட்டின பொண்டாட்டிக்கு ஒரு நாள் இப்படிச் செஞ்சிருப்பீங்களா" என்று அம்மா கேட்பார். அப்பா சிரித்துக்கொண்டே இன்னொரு தண்டைக் கிள்ளுவார்.

அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, தாசேக் கெலுகோரிலிருந்து வருடா வருடம் காவடி எடுக்க வருவார். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழிக்கு எங்கள் வீடு பக்கம் என்பதால் முந்தின நாளே காவடிச் சாமான்களோடும் பெரியம்மாவோடும் வந்து இறங்கிவிடுவார். அவர் இருக்கும்வரை அது எங்கள் வீடு இல்லை. அந்த வருடம் வாசலில் கால் வைத்ததும் மூக்கை உறிஞ்சி, இதென்ன வீடா "கண்டாங்"கா என்று கேட்டார். ஆடுமாடு அடைக்கும் கொட்டகையைத்தான் அப்படிச் சொன்னார். விரதக்காரர் கோபம் பொல்லாதது என்று அம்மா கூண்டின் மேல் பழைய சேலை ஒன்றைப் போட்டு மூடினார்.

கொஞ்ச நேரம் கழித்து நான் சேலையை விலக்கிப் பார்த்தபோது துரை விறைத்துக் கிடந்தான். நான் வாயைத் திறந்ததுதான் தெரியும், சந்தனம் அரைத்த ஈரக் கையால் அம்மா என் வாயைப் பொத்திவிட்டார். ஆனாலும் பெரியம்மா பார்த்துவிட்டார். பெற்ற பிள்ளை மாதிரி ஊட்டி வளர்த்த உயிராயிற்றே, வீட்டில் சாவு விழுந்தால் தீட்டாயிற்றே, இந்த வாசலிலிருந்து காவடி எப்படிப் புறப்படும் என்று இழுத்தார். இத்தனை நாள் விரதமும் வீணா என்று எல்லார் முகமும் செத்துப்போயிற்று. பெரியப்பா தோளில் துண்டோடு குசினி வாசலில் நின்று சற்று யோசித்துச் சொன்னார்.

"யாரும் அழலேன்னா அது சாவு இல்ல லா, வெறும் குப்பை. ஒரு சொட்டு கண்ணீர் விழுந்துச்சு, தீட்டு வந்துடும்."

எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது? எதிலும் கிடையாது. நின்ற இடத்திலேயே கண்டுபிடித்தார். ஆனால் காலங்காலமாக இருந்துவரும் முறையைக் கேட்டதுபோல எல்லாரும் தலையாட்டினார்கள். அப்பாவும் ஆட்டினார். முடுக்குக் கடைசியில் மண்தரை இருக்கிறதே, அங்கே குழி தோண்டிப் புதைக்கலாம் என்று அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். புதைத்தால் கருமாதி கணக்காகிவிடும் என்றார் பெரியப்பா. அப்பா துரையை அரிசிச் சாக்கில் போட்டு, மோட்டார் சைக்கிளின் முன்னால் வைத்துக்கொண்டு, சாலை முனையில் தெருவே குப்பை கொட்டும் தொட்டியான "குப்பைத் தோங்"குக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தவரைத் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வரச் சொன்னார்கள். குப்பை கொட்டிவிட்டு வந்தவருக்குத் தலைக்குக் குளியல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு எலுமிச்சம்பழத்தில் நூல் கோத்தேன்.

காவடி நல்லபடியாக முடிந்தது. பண்டிகை விடுமுறையில் குப்பை லாரி வரவில்லை. மறுநாள் எங்கள் வீட்டில் இலை போட்டுப் பரிமாறினார்கள். அலகு குத்திய கன்னத்தில் விபூதி அப்பிக்கொண்டு, ஒரு புழு பூச்சிக்குக்கூட நோகக்கூடாது, அதுதான் விரதம் என்று பெரியப்பா எல்லாருக்கும் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் காற்று திரும்பியது. பினாங்கு வெயிலில் அரிசிச் சாக்கு என்ன பாடுபட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பெரியப்பா துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, என்ன நாற்றம் இது, இந்த ஏரியா மக்களுக்குச் சுத்தம் என்பதே கிடையாதா என்று கேட்டார். அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார், அவர் குடித்தார்.

அவர்கள் ஊருக்குப் போன பிறகு ஒருவழியாக லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. அம்மா என் தலையைத் தடவி, "இப்ப வேணும்னா அழுதுக்கோ, கண்ணு" என்றார். பாசமாகத்தான் சொன்னார். ஆனால் அழுகை என்ன பைப்புத் தண்ணியா, திறந்ததும் வர? காலிக் கூண்டின் முன்னால் உட்கார்ந்து எவ்வளவோ முயன்று பார்த்தேன். வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அந்த வரிசை வீடுகளை இடித்து இப்போது அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். போனது வீடு மட்டுமில்லை, அந்தத் தீட்டும் எங்கேயோ போய்விட்டது. இந்த வருடம் தைப்பூச விரதத்தின்போது பெரியப்பாவின் பேரன் வளர்த்த நாய் செத்துப்போயிற்று. குடும்ப வாட்ஸ்அப்பில் மாலை போட்ட படம், தகனம், சாம்பல் வைத்த பீங்கான் ஜாடி. கீழே பெரியப்பாவே எழுதியிருந்தார், எங்கள் செல்லம் இறைவனடி சேர்ந்தது என்று, வரிசையாக அழுகிற முகங்களோடு. அவர்கள் வீட்டுக் காவடி என்னாவது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தூ என்று வாய்விட்டே துப்பினேன்.

செபராங் ஜெயாவில் இப்போது என்னோடுதான் இருக்கிறார் அப்பா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு நான் கேட்காமலேயே சொன்னார்.

"அன்னிக்கு அந்தத் தோங் பக்கத்துல மோட்டார நிப்பாட்டிட்டு நான் நல்லா அழுதேம்மா. அண்ணனுக்குத் தெரியாது."

எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார். நான் கைபேசியை அவர் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். பெரியப்பாவின் சட்டப்படி பார்த்தால் அந்தக் காவடி தீட்டோடுதான் மலை ஏறியிருக்கிறது, ஒன்றும் ஆகிவிடவில்லை. தான் ஆசை தீர அழுதுவிட்டு வந்து, தலை துவட்டிக்கொண்டே என் பக்கத்தில் குனிந்து, "நீ அழுதுடாதம்மா" என்று சொன்னவர் இந்த அப்பாதான்.