வெளியாளுக்குக் கொடுக்கும் நூல்

பதினாறு வயது வரைக்கும் என் மூக்கு யாருடையது என்று எனக்குத் தெரியாது. அம்மாவுடையது இல்லை, அம்மாவின் மூக்கு மூக்குத்திக்கென்றே அளவெடுத்துச் செய்தது. அப்பாவுடையதும் இல்லை, அவருக்குத் தட்டை மூக்கு, எனக்கோ நுனி மட்டும் எதையோ மோப்பம் பிடிப்பதுபோலத் தூக்கியிருக்கும். அப்பா வீட்டில் யாருக்காவது இப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். போய்ப் பார்த்துவிடலாம் என்றால், அந்த வீட்டு வாசலை நாங்கள் மிதித்ததே இல்லை.

அப்பா சீனர். பத்து பாகாட் என்ற ஊரில் அவர் குடும்பத்துக்கு ஓர் இரும்புச் சாமான் கடை இருக்கிறது. கீழே கடை, மேலே வீடு. வாலிப வயதில் எங்கள் ஊரான ரெங்கத்தில் ஒரு டயர் கடைக்கு வேலைக்கு வந்தார். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழர்கள் என்பதால் தமிழ் கற்றுக்கொண்டார். கற்ற தமிழை அம்மாவிடம்தான் அதிகம் பேசிப் பார்த்திருக்கிறார் போல. கல்யாணம் பதிவான அன்றே தாத்தா அவரை ஒதுக்கிவிட்டார்.

அம்மா பக்கம் மட்டும் என்ன, பூச்சொரிந்தா வரவேற்றார்கள்? அம்மாவின் அண்ணன், என் மாமா, நான் பிறந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். வந்தாலும் அப்பாவை ஒருநாளும் மச்சான் என்று கூப்பிட்டதில்லை. அம்மாவிடம் பேசும்போது "உன் சீனன்" என்பார். காப்பி கொடுத்தால் குடிக்குமுன் கோப்பையை ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். எந்தக் கறியின் வாசனையைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். எரிச்சலாக வரும்.

தமிழ்ப்பள்ளியில் நான் சீனப் பொண்ணு. இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் அங்கிருந்த சீனப் பிள்ளைகளுக்கு நான் இந்தியப் பொண்ணு. பள்ளியில் நிரப்பும் பாரத்தில் இனம் என்ற கட்டத்தில் அப்பாவைப் பின்பற்றி 'சீனர்' என்று எழுதுவேன். வகுப்பாசிரியை பாரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடியும் பாரத்தைப் பார்ப்பார். அவருக்கே அவ்வளவு ஆச்சரியம் என்றால் எனக்கு எவ்வளவு இருக்கும்? அப்பாவை விடாமல் கேட்பேன்.

"பெரியப்பாவுக்கு மூக்கு எப்படிப்பா இருக்கும்?"

"மூக்கு மாதிரிதான் இருக்கும்."

அதற்குமேல் அவரிடம் கறக்க முடியாது.

தாத்தா இறந்த செய்தி ஒரு சனிக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் வந்தது. அனுப்பியது அப்பாவின் தங்கை. அந்த வீட்டில் எங்களோடு தொடர்பு வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். அப்பா தோசையைப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்குப் போய்த் தன் அண்ணனுக்குப் போன் போட்டார். அவர்கள் வீட்டுச் சீனமொழியான ஹொக்கியனில் பேசினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே வந்து, "நான் மட்டும் போய்ட்டு வந்துர்றேன்" என்றார்.

"பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க" என்றார் அம்மா.

"இப்ப வேணாம் லா. அப்புறம் பாத்துக்கலாம்."

"எப்ப? அவரு எழுந்து உக்காந்த பிறகா?"

அப்பா கார்ச் சாவியை எடுத்தார். நீங்களும் வாங்களேன் என்று நான் அம்மாவைக் கூப்பிட்டேன். "நான் வந்தா எல்லாரும் பொணத்த விட்டுட்டு என்னையத்தான் பாப்பாங்க. நீ போய் உன் தாத்தா முகத்த ஒருக்கா பாத்துட்டு வா" என்றார். வெள்ளைச் சட்டை எடுத்துக் கொடுத்தார். நெற்றியில் இருந்த சிவப்புப் பொட்டைத் தன் விரலாலேயே துடைத்துவிட்டார். சீனர் சாவு வீட்டில் சிவப்பு ஆகாதாம். போகாத வீட்டின் வழக்கம் அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே காரில் ஏறினேன்.

பொய் சொல்வானேன், வழியெல்லாம் எனக்குத் துக்கமாகவே இல்லை. முன்பின் பார்க்காத தாத்தாவுக்காக எப்படி அழுவது? புது ஊருக்குச் சுற்றுலா போகிற பிள்ளையைப்போலத்தான் உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா பிள்ளைகள் எத்தனை பேர், மேல்மாடியில் எத்தனை அறை, என்னைப் பார்த்ததும் என்ன சொல்வார்கள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டில் யாராவது ஒருவர் என்னைப் பேத்தி என்று சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னால் போதும்.

கடைக்கு முன்னால் சாலையை மறித்துக் கூடாரம் போட்டிருந்தார்கள். அப்பா என்னைக் கூடாரத்தின் ஓரத்தில் ஒரு வட்ட மேசையில் உட்காரவைத்து, "நான் கூப்பிடுறேன், அது வரைக்கும் இங்கயே இரு" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தார்ச்சாலையிலேயே மண்டியிட்டார். அங்கிருந்து சவப்பெட்டி வரைக்கும் தவழ்ந்தே போனார். பிந்தி வரும் பிள்ளை அப்படித்தான் உள்ளே வர வேண்டுமாம். என் அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. முழங்கால் தேயத் தேயப் போனவர் பெட்டியருகே போனதும் விம்மி விம்மி அழுதார். தூக்கி நிறுத்தியவர் பெரியப்பாவாகத்தான் இருக்க வேண்டும். அப்பாவின் இடது சட்டைக் கையில் ஒரு சதுரக் கறுப்புத் துணியை ஊக்கால் குத்திவிட்டார். அப்பாவைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பது அந்தப் பாஷை தெரியாத எனக்கே புரிந்தது.

கொஞ்ச நேரத்தில் ஓர் அம்மாள் என்னிடம் வந்து ஒரு பாக்கெட் பானமும் ஒரு மிட்டாயும் ஒரு துண்டு சிவப்பு நூலும் வைத்துவிட்டுச் சிரித்தார். நூலைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சிவப்பே ஆகாத இடத்தில் சிவப்பு நூல் கொடுக்கிறார்கள் என்றால் அது ரொம்ப நெருங்கியவர்களுக்குத்தானே? கோயிலில் ஐயர் கட்டிவிடும் கயிறு எனக்குத் தெரியும். அம்மன் காப்பு என்று பயபக்தியோடு வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்கள் நாங்கள். இடது மணிக்கட்டில் சுற்றி, பல்லால் இழுத்து, மூன்று முடிச்சுப் போட்டேன். போட்டதும் தைரியம் வந்துவிட்டது. அப்பா கூப்பிடும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று எழுந்து உள்ளே போனேன்.

உள்ளே என் வயதுப் பெண் ஒருத்தி தரையில் உட்கார்ந்து, தாத்தாவுக்கு எரிப்பதற்காகத் தங்க நிறக் காகிதத்தைத் தோணிபோல மடித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து மடித்தேன். அவள் என் காகிதத்தை வாங்கிப் பிரித்து, எப்படி மடிக்க வேண்டும் என்று காட்டினாள். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். நுனி தூக்கிய மூக்கு. அசல் என் மூக்கு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீடாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

அவள் என் மணிக்கட்டைப் பார்த்தாள். எங்கள் பேச்சு மலாயில் நடந்தது.

"இதை ஏன் இவ்வளவு இறுக்கமா கட்டியிருக்க?"

"இங்கதான் கொடுத்தாங்க."

"அது வெளியாளுக்கு. சாவு வீட்டுக் கெட்டது கூடவே உங்க வீட்டுக்கு வந்துரக்கூடாதுன்னு கொடுக்கிறது. விரல்ல சும்மா சுத்திக்கிட்டு, போற வழியில கழட்டிப் போட்டுரணும். வீட்டு ஆளுங்களுக்குக் கொடுக்க மாட்டோம்."

அவள் சட்டைக் கையில் ஒரு நீலச் சதுரம் இருந்தது. "இது என்ன?" என்று கேட்டேன்.

"பேரப் பிள்ளைங்களுக்கு நீலம்."

என் முகம் எரிந்தது. பக்திப்பழமாய் மூன்று முடிச்சு வேறு. இழுத்தேன், வரவில்லை. பல்லால் கடித்தேன், அதற்கும் வரவில்லை. நூல் மேலிருந்த கோபம் அந்த அம்மாள் மேல் திரும்பியது. "அவங்க ஆள் தெரியாம கொடுத்துட்டாங்க" என்றேன்.

"இல்லையே. நீ ரெங்கத்துல பக்கத்து வீட்டுப் பிள்ளை, பத்து பாகாட்டுல பஸ் ஏறணும்னு கூட வந்திருக்கன்னு அந்த அங்கிள்தான் சொன்னாரு."

அவள் காட்டிய பக்கம் என் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

தாத்தா என்னை வேண்டாம் என்றது எனக்குப் புதிதல்ல. பெரியப்பா வேண்டாம் என்பார் என்றும் எதிர்பார்த்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என் சொந்த வீட்டிலிருந்து. காலையில் போனில் பெரியப்பா 'நீ மட்டும் வா' என்று சொல்லியிருப்பார், அப்பா சரி என்றிருப்பார். அவ்வளவுதான் விஷயம். அதற்காகப் பெற்ற மகளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆக்குவதா? அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

சடங்கு நடத்துகிறவர் மணியடித்து ஒவ்வொரு உறவாகக் கூப்பிட்டார். மகன்கள் போய் மண்டியிட்டார்கள். மருமகள்கள் போனார்கள். மகள் போனார். அடுத்து அவர் கூப்பிட்டதும் நீலத் துணிக்காரர்கள் எழுந்தார்கள். நானும் எழுந்தேன்.

"நீ உக்காரு" என்றாள் அவள்.

"நான் பக்கத்து வீட்டுப் பிள்ளை இல்ல. அந்த அங்கிளோட மகள். செத்துப்போனவருக்குப் பேத்தி." சத்தமாகத்தான் சொன்னேன். மலாயில் சொன்னதால் அங்கே எல்லாருக்கும் புரிந்தது.

பெரியப்பா திரும்பி ஏதோ சொன்னார். என்னவென்று தெரியாது, நல்ல வார்த்தை இல்லை என்பது குரலில் தெரிந்தது. அப்பா தலை குனிந்து நின்றார். என் மூக்கு வைத்திருந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தட்டிலிருந்து ஒரு நீலத் துணியை எடுத்து வந்து என் சட்டைக் கையில் குத்தினாள். நூலைக் காகிதம் வெட்டும் கத்தரியால் வெட்டிப் போட்டாள். வரிசையில் நகர்ந்து இடம் கொடுத்தாள். நான் மண்டியிட்டேன். மூன்று முறை தலை வணங்கச் சொன்னார்கள், வணங்கினேன். தாத்தாவின் முகத்தைப் பெட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவருக்கு அப்பாவின் தட்டை மூக்குதான்.

திரும்பும்போது, நடுவழி ஊரான ஆயர் ஹீத்தாம் தாண்டுவதற்குள், "தப்பு பண்ணிட்டேன் மா" என்று அவர் இரண்டு முறை சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. மாமாவின் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. அம்மா எங்களை உள்ளே விடாமல், வெளிக் குழாயடியில் இரண்டு வாளித் தண்ணீரும் துண்டும் வைத்திருந்தார். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் குளித்துவிட்டுத்தானே நுழைய வேண்டும்? கதவு திறந்திருந்தது. சாமி அலமாரிக்குத் திரை போட்டிருந்தது. விளக்கு ஏற்றவில்லை.

மாமாவுக்கு நல்ல கோபம். வெள்ளிக்கிழமை அவர் புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். தங்கை என்ற முறைக்கு அம்மாதான் முதலில் குத்துவிளக்கோடு நுழைய வேண்டும். பதினாறு நாள் தீட்டு, வர முடியாது என்று அம்மா செய்தி அனுப்பியிருக்கிறார்.

"யாரு செத்துட்டாங்கன்னு இவ தீட்டு காக்குறா? ஒரு சீனக் கிழவனுக்கா?" என்றார் மாமா.

"எனக்கு மாமனாருண்ணே."

"மாமனாரா? ஒரு நாளு உன்னைய மருமகள்னு கூப்பிட்டிருப்பானா அந்த ஆளு? இன்னிக்கு அங்க அத்தன பேரு நின்னாங்களே, உன் பேரச் சொல்ல ஒரு நாதி இருந்துச்சா?"

எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் அப்பா முந்திக்கொண்டார். துண்டைக் கையில் பிடித்தபடி, மாமாவைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, "யாருமே சொல்லல. நான்கூட சொல்லல. பிள்ளையையே பக்கத்து வீட்டுப் பிள்ளைன்னுதான் சொன்னேன்" என்றார்.

நான் அம்மாவின் முகத்தையே பார்த்தேன். அழுவார் அல்லது கத்துவார் என்று நினைத்தேன். அம்மா என் தலையில் முதல் சொம்புத் தண்ணீரை ஊற்றினார்.

"தெரியும்" என்றார். "நீங்க சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். அதனாலதான் இவள அனுப்புனேன்."