மாமா செய்த குண்டு மேளம்

காலையில் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. குழாய்களிலிருந்து பந்துகள் பாய்ந்து வந்து மேளத்திலும் மணியிலும் கம்பியிலும் குறி தப்பாமல் விழ, ஆளே இல்லாமல் கச்சேரி நடக்கிறது. 'வெளிநாட்டு விவசாயக் கல்லூரியில் பழைய டிராக்டர் சாமான்களில் செய்தது' என்று கீழே குறிப்பு. அடப்பாவிகளா, இது இன்னும் சுற்றிக்கொண்டா இருக்கிறது என்று சிரித்தேன். சிரிக்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில்தான் எனக்கு முதல் வேலை. பிளைவுட் தடுப்பு, ஏ.சி.யின் ஈரவாடை, ரிசல்ட் பார்க்க வருகிற கூட்டம். கம்ப்யூட்டரைத் திறந்து மூடத் தெரிந்த எனக்கு வீட்டில் விஞ்ஞானி மரியாதை. நானும் அதை நம்பிவிட்டேன். இதே வீடியோ இதே குறிப்போடு அப்போது இமெயிலில் வந்தது. உடனே அக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

மாமாவுக்குக் கடலூர் முதுநகரில் லேத் பட்டறை. கோயில்களில் தீபாராதனை நேரத்தில் சுவிட்சைப் போட்டால் மேளமும் மணியும் தானே அடிக்குமே, அந்த மோட்டார் மேளம் செய்வதில் பெயர் எடுத்தவர். அவர் சட்டையில் கிரீஸும் விபூதியும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். இப்போதும் மெக்கானிக் கடைக்குப் பக்கத்தில் கோயில் இருந்தால் எனக்கு அவர் ஞாபகம்தான். ஆளில்லாமல் மேளம் அடித்தால் வேறு யாருக்காவது சந்தேகம் வந்திருக்கும். மாமாவுக்கு அது தினப்படி வேலை.

பஸ் பிடித்து வந்து பதினோரு தடவை பார்த்தார்.

"நெசமா மச்சான்?"

"நெசந்தான் மாமா. காலேஜுல செஞ்சிருக்காங்க."

"ஒரு குண்டுகூட கீழ உருண்டு போவல பாரு. அவுங்கள்லாம் மனுசங்க."

கீரப்பாளையம் பக்கத்துக் கோயில் ஒன்றில் சாதாரண மோட்டார் மேளம் கேட்டிருந்தார்கள். மாமா நேரே அங்கே போய், குண்டு விழுந்து அடிக்கிற மேளமே செய்து தருகிறேன், கும்பாபிஷேகத்தன்று கேளுங்கள் என்று ஊரைக் கூட்டி வாக்குக் கொடுத்துவிட்டார். அது தவறினால் இத்தனை வருஷத்துப் பெயரும் போய்விடும்.

ஒரு மாதம் பட்டறையில் வேறு வேலை நடக்கவில்லை. பஞ்சர் கடை கம்ப்ரஸர், சொட்டுநீர்க் குழாய், ஒரு வாளி பேரிங் குண்டு. இதற்கு நடுவில், சென்டருக்கு வந்த இன்ஜினியரிங் மாணவி ஒருத்தி என் திரையை எட்டிப் பார்த்து, "அண்ணே, இது முழுக்க கம்ப்யூட்டர்ல வரைஞ்சது" என்றாள். அப்போதே மாமாவிடம் சொல்லியிருக்க வேண்டும். விஞ்ஞானி மரியாதை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் காலை சோதனை. அர்ச்சகர் கற்பூரம் காட்ட, மாமா சுவிட்சைப் போட்டார். முதல் குண்டு மேளத்தில் கச்சிதமாக விழுந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இரண்டாவது குண்டு மேளத்தில் பட்டுத் தெறித்து, தர்மகர்த்தா கையிலிருந்த தேங்காய் மூடிக்குள் விழுந்தது. அதற்கப்புறம் எது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் தூணுக்குப் பின்னால் இருந்தோம். அர்ச்சகர் மட்டும் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு மந்திரத்தை விடாமல் சொன்னார்.

மாமா குனிந்து ஒவ்வொரு குண்டாகப் பொறுக்கினார். "நமக்கு அறிவு பத்தல மச்சான். அவன் செஞ்சிட்டான், என்னால முடில."

அந்தக் குரல் எனக்குத் தாங்கவில்லை. உண்மையைச் சொன்னேன், முன்பே தெரியும் என்பதையும் சேர்த்து. அறை விழும் என்று நின்றேன்.

"அப்ப எவனாலயும் முடிலியா?" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "நாமளாவது ஒரு குண்ட வுழ வச்சோம்."

சாயங்காலத்துக்குள் பட்டறையிலிருந்த மோட்டார் மேளம் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். மறுநாள் அது அடித்தது, பெயரும் தப்பியது.

சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அதுகூடப் பரவாயில்லை. எதைக் காட்டினாலும் கண் விரியப் பார்க்கிற மனுஷரை நான் கெடுத்துவிட்டேன். வெள்ளச் செய்தியைக் காட்டினாலும் கம்ப்யூட்டர் வேலை என்கிறார். போன வாரம் என் மகள் பள்ளி மேடையில் மிருதங்கம் வாசித்த வீடியோவை அனுப்பினேன். "புள்ள நல்லா வாசிக்குது மச்சான். எதுல பண்ண?" என்று பதில் வந்தது.

"கையாலதான் வாசிச்சா மாமா" என்று எழுதினேன். சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினார்.