பன்றி சிரித்த நாள்

போன மாதம் பழைய பிரஸ் இயந்திரத்தை இரும்புக்கடை லாரியில் ஏற்றினார்கள். லாரி கிளம்பும்வரை சாமுவேல் அதன் தகட்டில் கை வைத்துக்கொண்டே நின்றார். பத்து வருடத்துக்கு முன் அதை ஓட்டத் தொடங்கியபோது பன்றித்தலை கொண்டுவந்தவர் அவர்தான்.

அப்போது அவரும் என்னைப்போல் காண்ட்ராக்ட் பிட்டர். சாலவாக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். அந்த பிரஸ்ஸில் வேலைக்கு நிற்பவர்களை நிரந்தரமாக்குவார்கள் என்று பேச்சு. கம்பெனி கொரியாக்காரர்களுடையது. நாம் புது வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அவர்கள் ஊரில் புது இயந்திரத்துக்கு முன் பன்றித்தலையை வைத்து வணங்குவார்களாம். தலை வெள்ளையாக இருக்க வேண்டும், வாய் சிரிக்க வேண்டும் என்று சொல்லி சாமுவேலை வாங்கிவர அனுப்பினார் மேனேஜர் பார்க்.

உத்திரமேரூரில் பன்றி அறுக்கும் ஆல்பர்ட் இதைக் கேட்டு, "சிரிக்கணுமா? பன்னி இன்னா கல்யாண போட்டோவுக்கா நிக்குது?" என்றார். வழக்கப்படி வைக்கோல் போட்டு மயிரைப் பொசுக்கியும்விட்டார். தலை கரிக்கட்டையாகிவிட்டது.

"யோவ், வெள்ளையா கேட்டன்யா!"

"பொசுக்காத பன்னிய எவன்யா துன்னுவான்?"

மறுநாள் சாமுவேல் வேறொரு தலையைத் தன் வீட்டுக்கே கொண்டுபோனார். வெந்நீர் ஊற்றி சவரக்கத்தியால் வழித்தார். வாயோரங்களை மூங்கில் குச்சியால் தூக்கிக் கயிறு கட்டி, அண்டாவில் வேகவைத்தார். ஆறியதும் அவிழ்த்தார். சிரித்தது. வலது பக்கம் இறங்கியிருந்ததால் மறுபடி கட்டி வேகவைத்தார்.

மனைவி மார்த்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். "தலைய குடுத்துட்டு வா. அது முன்னால வுழுந்து கும்புட்டன்னா சர்ச்சுல என்னாண்ட வந்து ஒக்காராத."

"கும்புடலன்னா வேல போய்டும் மார்த்தா."

"போவட்டும். நாத்து நட்ற கை எங்கிட்ட இன்னும் கீது."

காலையில் தலையை பிரஸ் முன் வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். நான் விழுந்து வணங்கினேன். சாமுவேல் பன்றித்தலை அருகே போனார், நின்றார், பிறகு பின்பக்கமாகவே நடந்து சுவரோரம் ஒதுங்கினார். பார்க்கின் முகம் மாறியது.

சுவரோரம் ஏற்கெனவே ஒருவர் கைகட்டி நின்றிருந்தார். கொரிய இன்ஜினியர் கிம். அவர் சட்டைக்குள்ளிருந்து சின்னச் சிலுவையை எடுத்துக் காட்டி, "சர்ச்?" என்றார். சாமுவேல் தலையாட்டினார். கிம் பார்க்கிடம் போய் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். பார்க் பன்றியின் வாயைக் குனிந்து பார்த்துவிட்டு, இதை யார் செய்தது என்று சைகையில் கேட்டார். நாங்கள் எல்லோரும் சாமுவேலைக் காட்டினோம். அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் பிரஸ்ஸின் பச்சைப் பொத்தான்மேல் வைத்தார் பார்க்.

அடுத்த மாதம் வந்த நிரந்தரப் பட்டியலில் சாமுவேல் பெயர் இருந்தது. என் பெயர் அதற்கடுத்த வருடம்தான் வந்தது.

வணங்கிய தலையைப் பங்குபோட்டுத் தின்பதும் அவர்கள் வழக்கம். பூஜையன்று சாமுவேல் பங்குக்கு ஒரு கன்னம் கிடைத்தது.

"கும்புட்டியா?" என்று கேட்டாராம் மார்த்தாள்.

"இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு கன்னத்த குடுத்தாங்க?"

வழக்கத்தைவிட நீளமாக ஜெபம் பண்ணிவிட்டுத்தான் குழம்பு வைத்தாராம்.

கிம் ஊர் திரும்பி ஆறு வருடமாகிறது. லாரி கேட்டைத் தாண்டியதும் சாமுவேல் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டாவுது வாட்டி வேகவச்சும் வலது பக்கம் கொஞ்சம் எறக்கந்தான்பா. எவனும் கண்டுபுடிக்கல."